மிதக்கும் பலகை கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஏரிக்கரையோரம் குடியிருக்கும் ஒரு வாக்காளர்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
எச்சரிக்கைப் பலகை நடும் துறை.
(எந்தத் துறை என்று விளங்கவில்லை. தபால்காரர் முடிவுக்கு விடப்படுகிறது.)

பொருள்: கோடை விடுமுறை – நீர்நிலைகள் – சிறுவர் சிறுமியர் மூழ்குதல் – எச்சரிக்கைப் பலகையை மிதக்கும் பொருளில் செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஏரிக்கரையில் உள்ள தங்கள் பலகை. (தேதி துருவில் போய்விட்டது.)

ஐயா,

முதலில் பாராட்டிவிடுகிறேன். மனு என்றாலே குறைதான் என்று தாங்கள் முகம் சுளித்துவிடக் கூடாது. எங்கள் ஏரியில் கட்டிய மதகு சாய்ந்துவிட்டது. கரையில் நட்ட வேப்பங்கன்றுகளை ஆடு மேய்ந்துவிட்டது. போட்ட தார்ச்சாலை போட்ட வருடத்து மழையோடு போனது. பலகை மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. ‘ஆழமான பகுதி. இங்கு குளிப்பதும் நீந்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’ பாதி எழுத்து உதிர்ந்துவிட்டாலும் ‘நடவடிக்கை’ மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்து ஊர்ப் பலகை இன்னும் ஒரு படி மேல். அதில் ‘இதுவரை இங்கு உயிரிழந்தோர்’ என்று எழுதி, எதிரே ஓர் எண்ணும் போட்டிருக்கிறார்கள். பலகை முழுக்க வெளுத்துப் போய், எண் மட்டும் கறுப்பாகப் பளபளக்கிறது. அதை மட்டும் அவ்வப்போது மாற்றி எழுத வேண்டியிருக்கிறது அல்லவா?

மீறுவோர் மீது நடவடிக்கை என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தேன். மீறிக் குளித்துவிட்டுக் கரையேறியவர்கள் தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் மீது யாரும் நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவில்லை. கரையேறாதவர்கள் மீதுதான் எடுக்கப்படுகிறது. முன்பு அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 194-வது பிரிவு. சந்தேக மரணம், விசாரணை, பிரேதப் பரிசோதனை. பழைய சட்டத்தை அகற்றிவிட்டு நாட்டுக்குப் புதுச் சட்டமே எழுதிவிட்டார்கள். பலகையின் வாசகம்தான் அப்படியே இருக்கிறது.

பலகை நிற்கும் இடமும் பாராட்டுக்குரியது. கரைமேல் ஜீப் வந்து திரும்ப வசதியான இடமாகப் பார்த்து நட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்கு வருகிற அதிகாரி இறங்காமலே படிக்கலாம். பிள்ளைகள் ஜீப்பில் வருவதில்லை என்பது ஒன்றுதான் சிக்கல். அவர்கள் எதிர்ப்பக்கம் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அங்கே பலகை கிடையாது. இருந்தாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியும், மே மாதத்தில் எதையும் படிக்கப் பிடிக்காது.

இந்த மனுவை யாருக்கு அனுப்புவது என்று விசாரித்ததில் எனக்குப் பொது அறிவு வளர்ந்தது. தமிழகத்தில் ஏரி, கண்மாய் என்று ஏறத்தாழ 40,000 இருக்கின்றன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அந்த ஏரி நீர்வளத் துறைக்கு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. கோயில் குளம் அறநிலையத் துறைக்கு. கல்குவாரிக் குட்டை கனிமவளத் துறையின் ஏட்டில். அருவி காட்டுக்குள் இருந்தால் வனத்துறை. கிணறு பட்டாதாரருக்கு. மூழ்கியவரைத் தேடுவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, எழுதிக்கொள்வது காவல்துறை, அறுப்பது அரசு மருத்துவமனை, நிவாரணத்துக்குப் பரிந்துரை எழுதுவது வருவாய்த் துறை. இத்தனை துறைகளில், பிள்ளை தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அதற்குப் பொறுப்பான துறை எது என்று தேடினேன். பள்ளிக் கல்வித் துறை விடுமுறையில் இருந்தது. ஆகவே குளிக்கப் போகும் சிறுவர்கள் முதலில் வி.ஏ.ஓ.வைப் பார்த்து ஆயக்கட்டு எத்தனை ஹெக்டேர் என்று சரிபார்த்துக்கொண்டு குதிப்பது நல்லது. தவறான துறையின் தண்ணீரில் மூழ்கினால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

அடுத்து ஆழம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது, ஆழம் தெரிந்துகொள்ள வழி இருந்த காலத்தில். பழைய ஏரி சோற்றுத் தட்டு மாதிரி. உள்வாயிலிருந்து இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் சொல்லிக்கொண்டே ஏறும். பயந்தவன் இடுப்போடு நின்றுகொள்வான். இப்போது கோடையில் பொக்லைன் இறங்குகிறது. வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது நல்ல திட்டம்தான்; குறை சொல்ல மாட்டேன். அனுமதிச் சீட்டில் எழுதிய ஆழம் ஒன்று, இயந்திரத்தின் கை போகிற ஆழம் ஒன்று. வயலுக்கு என்று போன லாரிகள் செங்கல் சூளைப் பக்கம் திரும்புவதையும் பார்த்திருக்கிறோம். மழை பெய்து குழி நிரம்பிவிட்டால் மேலே எல்லாம் ஒரே தண்ணீர். முழங்கால் அளவில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளை அடுத்த அடி வைத்தால் தரை இருக்காது. சரிவு என்ற பேச்சே இல்லாமல் சுவர் மாதிரி இறங்கும். இன்றைக்கு எங்கள் ஏரியின் ஆழம் முழுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பொக்லைன் ஓட்டுநர். பலகையின் வாசகத்தை அவரிடம் கேட்டு எழுதியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

ஆறும் அப்படித்தான். கோடையில் மணல் வெளியாகக் கிடக்கும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் நிற்பது மணல் அள்ளிய பள்ளத்தில்தான். எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே பிள்ளைகள். டெல்டாவில் இன்னொரு வேடிக்கை: மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் ஏறக்குறைய அதே சமயம். நேற்று வரை கிரிக்கெட் ஆடிய ஆற்றில் இன்று நுரையோடு தண்ணீர் வருகிறது. பார்க்க ஓடாத பிள்ளை உண்டா?

கல்குவாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைவிட்ட குவாரியைச் சுற்றி வேலி போட வேண்டும் என்பது விதி. வேலி போடப் பணம் செலவாகும் என்பது நடைமுறை. பச்சைத் தெளிவாகத் தண்ணீர், நாலு பக்கமும் செங்குத்துப் பாறை, ஏறப் படி கிடையாது, பிடிக்கக் கொடி கிடையாது. நீச்சல் தெரிந்தவரே கை சோர்ந்து மூழ்கும் இடம் அது. அளக்க முடியாத ஆழம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். சென்னைக்குத் தாகம் எடுத்த 2017-இல் சிக்கராயபுரம் குவாரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை நாளுக்கு வரும் என்று அளந்து, சுத்திகரித்து, குழாயில் அனுப்பினார்களே. வேண்டும் என்றால் ஆழம் அளக்க நமக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐயா, பலகை நீந்தாதே என்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நீந்தவே தெரியாது. ஆகவே அவர்கள் பலகையை மீறவில்லை. நூறு விழுக்காடு கீழ்ப்படிந்து, நீந்தாமலே மூழ்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கடப்பாறை நீச்சல் என்று பெயர்.

முன்பு கிணறுதான் நீச்சல் பள்ளி. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தாம்புக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மாமனோ சித்தப்பனோ பிள்ளையைத் தூக்கி உள்ளே போடுவார். நாலு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அது நாலாம் நாள் நீந்தும். சுரைக்குடுக்கை போய் லாரி டியூபும் எண்ணெய் கேனும் வந்தன. பிறகு கிணறே போய்விட்டது. ஆயிரம் அடி ஆழ்துளை போட்டபின் கிணற்றில் எங்கே தண்ணீர்? குப்பைதான். மாமன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பெண் பிள்ளைகளுக்கோ கிணறு நிரம்பியிருந்த காலத்திலும் அந்தப் பள்ளியில் பெரும்பாலும் சேர்க்கை இல்லை. வயதுக்கு வந்த பெண் ஈரத்துணியோடு நிற்பதாவது!

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போய் ஏழு பேர் இறந்தார்கள். 10 வயதுச் சிறுமி முதல் இளம்பெண்கள் வரை, ஏழு பேரும் பெண்கள். 2023 பிப்ரவரியில் மாயனூர் காவிரியில் இறந்த நான்கு பேரும் பள்ளி மாணவிகள். விளையாட்டுப் போட்டிக்கு என்று கூட்டிச் செல்லப்பட்டவர்கள். இரண்டு இடத்திலும் ஒருத்தி தடுமாற, மற்றவர்கள் அவளைக் காப்பாற்ற இறங்கினார்கள். இதில் எங்கே ‘மீறுவோர்’? தண்ணீரில் தவிக்கும் தோழிக்குக் கை நீட்டியதைத் தவிர அவர்கள் எதையும் மீறவில்லை.

பள்ளியில் சொல்லித் தருவதில்லை என்று குறை சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கூறுக, மிதப்பு விசையை விளக்குக என்று கேள்வி வரும். படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். மிதக்க மட்டும் தெரியாது. முழு ஆண்டுத் தேர்வின் கடைசி நாள் தலைமையாசிரியர், ‘நீர்நிலைகள் பக்கம் போகாதீர்கள்’ என்ற சுற்றறிக்கையை வாசிக்கிறார். வெளியே 104 டிகிரி. மின்விசிறி இல்லாத வீடு, மின்சாரம் இல்லாத மதியம், பார்வைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவரின் அறைக்கு ஏசி இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

நீச்சல் குளங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, மாவட்டத் தலைநகரில், கட்டணத்தோடு, நீச்சல் உடையோடு. பஸ்சுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு கூலிக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பாது. அங்கே போகும் பிள்ளை எங்கள் ஏரிக்கு வராது, எங்கள் ஏரிக்கு வரும் பிள்ளை அங்கே போகாது.

ஒவ்வொரு சாவுக்கும் பிறகு தாங்கள் வெளியிடும் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் வருகிறது: பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும். வேண்டும்தான். கோடையில்தான் ஊரக வேலைத் திட்டம் மும்முரம். அம்மா காலையில் மண்வெட்டியோடு போய்விடுகிறாள். பள்ளி இல்லை, ஆகவே பள்ளிச் சாப்பாடும் இல்லை. அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் விடுமுறை. வீட்டில் இருப்பது ஒன்பது வயது அக்காவும் மூன்று வயதுத் தம்பியும். கண்காணிப்பாளர் பதவி அந்த அக்காவுக்கு. அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்றால், பெரும்பாலும் ஏதாவது ஒரு குளத்தைத் தூர்வாரிக்கொண்டிருப்பாள்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் பணக்கார நாட்டுக்காரர்கள் இல்லை. வங்கதேசம். வீட்டுக்கு வீடு குட்டை உள்ள நாடு. அங்கே ‘ஆஞ்சல்’ என்று ஊருக்குள்ளேயே பிள்ளைக் காப்பகம் வைத்தார்கள். தாய்மார்கள் வேலையில் மூழ்கும் நேரமான காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை, உள்ளூர்ப் பெண் ஒருவர் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான். அந்தக் காப்பகங்களில் இருந்த பிள்ளைகள் மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்க் குட்டையிலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல். ஒலிம்பிக் நீச்சல் இல்லை. 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி இன்னொருவரை இழுக்கத் தெரிய வேண்டும். மூங்கில் நம்மிடமும் உண்டு. குட்டையும் உண்டு.

அதே வங்கதேசமும் அயர்லாந்தும் சேர்ந்து முயன்று, 2021-இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. அந்த ஆண்டில் மட்டும் உலகில் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல். ஜூலை 25 அன்று தாங்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கு ஜூன் முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதை மட்டும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

இனி பலகை. 2020 ஆகஸ்ட் மாதம், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். கிரிக்கெட் ஆடிவிட்டுக் குளிக்க வந்த இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது; சரியாகத்தான் கொடுத்தது. ஆனால் ஐயா, அந்த நாளில் கரையில் இருந்த உயிர்காப்புக் கருவி எது? மூன்று சேலைகள். அரசின் பங்காக அங்கே என்ன இருந்தது?

மூழ்குகிறவர் சினிமாவில்தான் கையை ஆட்டிக் கூவுவார். நிஜத்தில் சத்தமே வராது. மூச்சுக்கே காற்று கிடைக்காத வாயில் கூச்சலுக்கு எங்கே காற்று? ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். காற்றில்லாமல் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். தீயணைப்பு வண்டி தாலுகா தலைநகரிலிருந்து வர வேண்டும். அது வந்து சேரும்போது தேடுவது உயிரை அல்ல. ஆகவே காப்பாற்றக்கூடியவர் அந்த நேரத்தில் கரையில் நிற்பவர் மட்டும்தான். அவர் உள்ளே குதித்தால் இரண்டாவது ஆளாக மூழ்குவார். அவர் கையில் எறிய ஏதாவது இருந்தால் முதல் ஆளும் பிழைப்பார்.

அதனால்தான் இந்த விண்ணப்பம். தங்கள் பலகை இரும்பால் ஆனது. அவசரத்துக்குப் பிடுங்கி வீசினால் பிள்ளைக்கு முன்னால் அது மூழ்கும். தெர்மோகோலிலோ லேசான மரத்திலோ செய்து, கழற்றும்படி மாட்டிவைத்தால் வாசகம் எதுவாக இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ‘குளிக்கக் கூடாது’ என்ற எழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை கரை சேரட்டும். அப்புறம் நடவடிக்கை எடுங்கள். டெண்டர், மாதிரி, தரச்சான்று என்று அதற்குக் காலமாகும் என்றால், பலகையின் காலில் ஓர் ஆணி அடித்து, மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர்க் கேனை நீளமான கயிற்றோடு கட்டித் தொங்கவிடுங்கள். அது ஏறத்தாழ 20 கிலோவை மிதக்கவைக்கும். ஒரு தலையை நீருக்கு மேலே வைத்திருக்க அதில் பாதிகூட வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கேன் திருடு போகும் என்பீர்கள். போகட்டும், இன்னொன்று கட்டுங்கள். மதகின் இரும்புக் கதவே திருடு போனபோது நாம் வருந்தினோமா?

பலகையின் பின்பக்கமும் காலியாக இருக்கிறது. இப்போது அதில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறார்கள். அங்கே நாலு படம் வரையலாம்: கை கொடுக்காதே, கம்போ துணியோ கொடு. வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதே, வயிற்றை அமுக்காதே. வாயில் வாய் வைத்து மூச்சு கொடு, மார்பை அழுத்து. 108-ஐ அழை. எழுத்து தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்வார். அந்தப் பொக்லைன் குழிகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவிவிட்டுத்தான் லாரி வெளியே போகலாம் என்று அனுமதிச் சீட்டில் ஒரு வரியும், அங்கன்வாடிக்கு மே மாதத்தில் அரை நாளாவது ஒரு மாற்று ஏற்பாடும், ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளையும் அரை நிமிடம் மிதக்க வேண்டும் என்று ஓர் அரசாணையும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன். இவை வேறு துறைகளுக்குரியவை என்று பதில் வரும் என்பது தெரியும். அந்தத் துறைகளின் பெயர்களையாவது பதிலில் எழுதுங்கள். ஊர்ப் பலகையில் ஒட்டிவைக்கிறோம்.

இரங்கல் அறிக்கையும் நிவாரணக் காசோலையும் எங்கள் மாவட்டத்தில் தாமதம் இல்லாமல் வந்துசேர்கின்றன. அந்த வேகத்துக்கு நன்றி. அதே வேகத்தில் கேனும் கயிறும் வர முடியும் என்று நம்புகிறேன். முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. அதற்கு முந்தின வாரம் அவை கரையில் இருக்க வேண்டும். மே மாத ஆய்வுக் கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரை வாக்காளர்.